வணிக மென்பொருளுக்குப் புதிய ஃபிரேம்வொர்க்: நாங்கள் மாற்றிய திரைகளும் மாற்றாத திரைகளும்

பில் போடுவது, சரக்கு இருப்பைப் பார்ப்பது, வாரக் கூலியைக் கணக்கிடுவது போன்ற அன்றாட வேலைகளுக்காக எழுதப்படும் மென்பொருளுக்கு ஆயுள் அதிகம். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் அது ஒரு முறை நிலைத்துவிட்டால், முதலாளியின் மகன் பொறுப்பேற்கும் காலம் வரைகூட அதே மேசையில் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் திரைகளை உருவாக்கப் பயன்படும் ஃபிரேம்வொர்க்குகள் மூன்று நான்கு வந்து போய்விடும். ஒவ்வொன்று வரும்போதும் வணிக மென்பொருள் எழுதுபவர்களிடையே எழும் கேள்வி ஒன்றுதான்: இருப்பதை வைத்துக்கொண்டு தொடர்வதா, புதியதற்கு மாறுவதா? கோவையில் இருந்தபடி திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்துப் பின்னலாடை நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதித் தரும் சிறு குழு ஒன்றில் நான் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மைக்ரோசாஃப்டின் பழைய திரை ஃபிரேம்வொர்க்கான விண்டோஸ் ஃபார்ம்ஸில் எழுதப்பட்டிருந்த எங்கள் மென்பொருளின் ஒரு பகுதியை, அதே நிறுவனத்தின் அடுத்த ஃபிரேம்வொர்க்கான டபிள்யூபிஎஃப்-க்கு மாற்றினோம். இன்னொரு பகுதியைத் தெரிந்தே மாற்றாமல் வைத்திருக்கிறோம். அந்த இரண்டு முடிவுகளுக்கும் இருந்த காரணங்கள், இதே கேள்வியை இன்று வேறு பெயர்களோடு எதிர்கொள்பவர்களுக்கு உதவக்கூடும்.

விண்டோஸ் ஃபார்ம்ஸ் 2002-இல், மைக்ரோசாஃப்டின் நிரலாக்கத் தளமான டாட்நெட்டின் முதல் பதிப்போடு வந்தது. அதற்கு முந்தைய விபி 6-இல் (விஷுவல் பேசிக்) பழகிய கைகளுக்கு அது அந்நியமாக இல்லை. ஃபார்மின் மேல் பட்டனை இழுத்துப் போட்டு, அதை இரட்டைக் கிளிக் செய்து, அங்கேயே நிரலை எழுதும் பழக்கம் அப்படியே தொடர்ந்தது. அவலான் என்ற பெயரில் 2003-இல் முதன்முதலாகக் காட்டப்பட்ட டபிள்யூபிஎஃப், 2006 நவம்பரில் டாட்நெட் 3.0-உடன் வெளியானது. திரையை ஸாமல் என்னும் குறிமொழியில் விவரிப்பது, தரவையும் திரையையும் பைண்டிங் மூலம் இணைப்பது, வரைவதையெல்லாம் விண்டோஸின் வரைகலை நூலகமான டைரக்ட்எக்ஸ் வழியாகச் செய்வது என்று அதன் அடித்தளமே வேறாக இருந்தது. ஆனால் அந்த முதல் பதிப்பில், தரவை வரிசை நெடுவரிசைகளாகக் காட்டும் ஒரு டேட்டா கிரிட்கூடக் கிடையாது. வணிக மென்பொருளின் பெரும்பாலான திரைகள் கிரிட்டைச் சுற்றியே அமைபவை என்பதால், அது இல்லாத ஃபிரேம்வொர்க்கை வைத்துக்கொண்டு நாங்கள் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. 2008-இல் தனித் தொகுப்பாகக் கிடைத்த கிரிட், 2010-இல் டாட்நெட் 4.0-இல்தான் உள்ளே சேர்ந்தது. சிறிய எழுத்துகள் மங்கலாகத் தெரிந்த குறையைச் சரிசெய்யும் வழியும் அந்தப் பதிப்பில்தான் வந்தது. காலை முதல் மாலை வரை எண்களையே பார்த்துக்கொண்டிருக்கும் கணக்கரிடம் மங்கலான எழுத்தைக் கொடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் தொழில்நுட்பத்தின் பெருமையைப் பேசிப் பயனில்லை.

அதனால் 2010 வரை நாங்கள் பழையதிலேயே இருந்தோம். நாங்கள் நிரல் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோ 2010-இன் வெளிக்கட்டமைப்பும் எடிட்டரும் டபிள்யூபிஎஃப்-இல் புதிதாக எழுதப்பட்டு வந்த பிறகுதான் நம்பிக்கை பிறந்தது. ஒரு ஃபிரேம்வொர்க்கைத் தயாரிப்பவர்கள் தங்களுடைய பெரிய மென்பொருள் ஒன்றை அதிலேயே எழுதி விற்பனைக்குக் கொண்டுவரும் வரை வணிக நிரலாளர் காத்திருப்பதில் எந்த இழப்பும் இல்லை என்பது என் கருத்து. மாநாட்டு மேடையில் காட்டப்படும் செயல்விளக்கத்தை அதற்குச் சமமாக நான் எண்ணுவதில்லை.

ஒரு புதிய ஃபிரேம்வொர்க் எதன் தயவில் ஓடுகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும். டபிள்யூபிஎஃப்-இன் தம்பி என்று சொல்லத்தக்க சில்வர்லைட் 2007-இல் வந்தபோது, உலாவிக்குள்ளேயே ஓடும், ஒவ்வொரு கணினியாகப் போய் நிறுவ வேண்டியதில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பலர் அதன் பக்கம் சாய்ந்தார்கள். அந்த ஆசை நியாயமானதுதான். பல்லடம் சாலையில் மின்தடைக்கு நடுவே கணினி கணினியாக அமர்ந்து மென்பொருள் நிறுவியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் அது உலாவியின் செருகுநிரல். உலாவியைத் தயாரிப்பவர்கள் அனுமதிக்கும் வரைதான் அதற்கு உயிர். 2011 டிசம்பரில் வந்த ஐந்தாம் பதிப்பே கடைசிப் பெரும் பதிப்பாக முடிந்தது. 2015-இல் குரோம் அந்த வகைச் செருகுநிரல்களை முற்றிலுமாகக் கைவிட்டது. 2021 அக்டோபர் 12-உடன் ஆதரவும் நின்றுபோனது. அண்ணனோ விண்டோஸை மட்டுமே நம்பி இருந்ததால் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறான்.

எங்களை மாறச் செய்தது ஆர்டர் பதிவுத் திரை. பின்னலாடை ஆர்டரில் ஒரு ஸ்டைலுக்குக் குறுக்கே சைஸ்கள் வரும், கீழே கலர்கள் வரும். ஆடை வாங்கும் ஒரு பையர் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று கேட்பார். குழந்தைகள் ஆடை எடுப்பவர் மாதக் கணக்கிலும் வயதுக் கணக்கிலும் கேட்பார். எத்தனை நெடுவரிசை வரப்போகிறது என்பது நிரல் எழுதும்போது தெரியாது. ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஆர்டர் அளவு, கூடுதலாக வெட்ட வேண்டிய அளவு, கட்டிங் முடிந்தது, பவர் டேபிளில் தைத்தது, செக்கிங் தாண்டியது, பேக்கிங் ஆனது என்று பல எண்கள் ஒருசேரத் தெரிந்தால்தான் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் வேலை பார்க்க முடியும். விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஒவ்வொரு டெக்ஸ்ட் பாக்ஸும் ஒவ்வொரு லேபிளும் இயங்குதளத்தின் கணக்கில் ஒரு தனி விண்டோ. ஒவ்வொன்றும் ஒரு ஹேண்டிலை, அதாவது இயங்குதளம் தரும் அடையாள எண் ஒன்றை, பிடித்துக்கொள்ளும். ஒரு புரோகிராமுக்கு விண்டோஸ் இயல்பாக வைத்திருக்கும் வரம்பு 10,000. பல ஆர்டர்களை ஒரே நேரத்தில் திறந்துவைத்துக்கொண்டு பையரோடு தொலைபேசியில் பேசும் ஒருவர் அந்த வரம்பை எட்டுவது நடக்காத காரியம் அன்று. எட்டிவிட்டால் திரையின் பகுதிகள் வரையப்படாமல் வெறுமையாக நிற்கும், அல்லது புரோகிராம் விழுந்துவிடும்.

டபிள்யூபிஎஃப்-இல் ஒரு விண்டோவுக்கு ஒரு ஹேண்டில் போதும். உள்ளே இருப்பவை எல்லாம் அதன் மேல் வரையப்படுபவை. ஒரு கட்டம் எப்படித் தோன்ற வேண்டும் என்பதை டெம்ப்ளேட்டாக ஒரு முறை எழுதிவிட்டால், எத்தனை சைஸ், எத்தனை கலர் என்பதைத் தரவே பார்த்துக்கொள்ளும். கட்டிங் அளவு ஆர்டர் அளவைவிடக் குறைந்தால் கட்டம் சிவப்பாக வேண்டும் என்ற விதியை ஸாமலில் சில வரிகளில் சொல்லிவிட முடிந்தது. பழைய திரையில் அதே வேலைக்காக ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றிவந்து நிறம் மாற்றும் நிரல் இருந்தது. இந்த ஒரு திரைக்காகவே மாறியிருக்கலாம் என்று இன்றும் சொல்வேன். 125 சதவீதத்துக்குப் பெரிதாக்கிய திரைகளோடு மடிக்கணினிகள் வரத் தொடங்கிய பிறகு, பழைய ஃபார்ம்களில் லேபிள்களின் கடைசி எழுத்துகள் வெட்டுப்பட்டன; புதிய திரைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கிடைத்தவற்றைச் சொல்லிவிட்டதால், வந்த சிக்கல்களையும் சொல்ல வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை ஃபிரேம்வொர்க்கின் குறைகள் என்று சொல்லத்தக்கவை அல்ல. அதன் இயல்பும் நம் ஊர் வணிகத்தின் பழக்கமும் உரசிய இடங்கள்.

முதலாவது எண்டர் கீ. டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோவில் தொடங்கி டேலி வரை, நம் கணக்கர்கள் எண்டர் அடித்தே ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போய்ப் பழகியவர்கள். டேப் கீயைத் தொடவே மாட்டார்கள். வலது கை எண்கள் இருக்கும் பக்கத்திலிருந்து நகராது, அங்கே எண்டர்தான் இருக்கிறது. டபிள்யூபிஎஃப் கிரிட்டில் எண்டர் அடித்தால் எழுதியது பதிவாகி, கர்சர் கீழ் வரிசைக்கு இறங்கும். புதிய திரையை முதன்முதலில் பயன்படுத்திய மூத்த கணக்கர் ஒருவர், கால் மணி நேரம் பொறுமையாக இருந்துவிட்டு, “ஏனுங் தம்பி, எண்டர் அடிச்சா பக்கத்துக் கட்டத்துக்குப் போகோணுமுங்க. கீழ போயி எனக்கு அங்க என்னங்க வேலை?” என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் முழுவதும் இருந்தது. விண்டோ அளவில் கீ அழுத்தத்தை முன்கூட்டியே பிடித்து, ஃபோகஸை அடுத்த கன்ட்ரோலுக்குத் தள்ளும் நிரல் எளிதுதான். ஆனால் பல வரி எழுதும் பெட்டியில் எண்டர் புதிய வரியைத்தான் தொடங்க வேண்டும், பட்டன் மேல் இருந்தால் பட்டன் அழுந்த வேண்டும், கீழிறங்கும் பட்டியல் திறந்திருந்தால் தேர்வு முடிய வேண்டும் என்று விதிவிலக்குகள் வரிசையாக வந்தன. கிரிட்டுக்கென்று தனி வகுப்பு ஒன்றையே எழுதி, கடைசி நெடுவரிசையில் எண்டர் அடித்தால் புது வரிசை பிறக்குமாறு செய்தோம். புதிய ஃபிரேம்வொர்க்கை மதிப்பிடும் எவரும் முதலில் ஒரு பில் பதிவுத் திரையை முழுமையாகச் செய்து, மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, உண்மையான கணக்கர் ஒருவரை உட்கார வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். முகப்புத் திரையையும் வரைபடங்களையும் செய்து பார்ப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் கண்ணில் படாது.

இரண்டாவது, லட்சமும் தேதியும். விண்டோஸில் இந்திய அமைப்பு இருந்தும், புதிய திரைகளில் 1,25,000 என்பது 125,000 என்று வந்தது. தேதியில் மாதம் முன்னால் வந்து நின்றது. காரணம் எளியது: டபிள்யூபிஎஃப்-இன் பைண்டிங், எண்ணையும் தேதியையும் வடிவமைக்கும்போது கணினியின் மொழி அமைப்பைப் பார்ப்பதில்லை, திரைக் கூறின் மொழிப் பண்பைப் பார்க்கும், அது இயல்பாக அமெரிக்க ஆங்கிலமாக இருக்கும். புரோகிராம் தொடங்கும் இடத்தில் அந்தப் பண்பின் இயல்பு மதிப்பை நடப்பு மொழி அமைப்புக்கு மாற்றும் ஒரே வரியால் இது தீரும். ஒரு வரிதான் என்றாலும், அது தெரியாமல் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக வடிவம் கொடுத்து வைத்திருக்கும் மென்பொருள்களைப் பார்த்திருக்கிறேன். தேதிச் சிக்கல் இன்னும் ஆபத்தானது. ஜூன் 5-ஐயும் மே 6-ஐயும் மாற்றிப் படித்தால் ஏற்றுமதிப் பத்திரத்தில் அனுப்பும் நாளே தவறாகிவிடும். 12-ஆம் தேதிக்கு மேல்தான் தவறு வெளியே தெரியும்.

மூன்றாவது சிக்கல், மாறிச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்ததால், அதில் ஓடும் கடைசிப் பதிப்பான டாட்நெட் 4.0-ஐ நாங்கள் தாண்டவே முடியவில்லை. 2014 ஏப்ரலில் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்று, கணினிகள் மெல்ல மெல்ல மாறிய பிறகு 4.5-க்குப் போனோம். போனதும், எழுத எழுதவே மதிப்பு பதிவாகும்படி அமைத்திருந்த எண் கட்டங்களில் தசமப் புள்ளி விழ மறுத்தது. 12.5 கிலோ நூல் என்று அடித்தால் 125 என்று வரும். 12-க்குப் பின் புள்ளி வைத்தவுடன் அது 12 என்ற எண்ணாக உள்ளே போய், திரை அந்த எண்ணை மறுபடி காட்டும்போது புள்ளி மறைந்துவிடும். இது பிழை இல்லை. திரையில் உள்ள எழுத்தும் உள்ளே உள்ள மதிப்பும் எப்போதும் ஒத்திருக்க வேண்டும் என்று 4.5-இல் தெரிந்தே செய்யப்பட்ட மாற்றம். பழைய நடத்தைக்குத் திரும்ப ஒரு பொது அமைப்பு இருக்கிறது. எண் கட்டத்தை விட்டு வெளியேறும்போது மட்டும் மதிப்பைப் பதிவு செய்வது இன்னொரு வழி. இரண்டாவதையே நாங்கள் எடுத்துக்கொண்டோம், ஏனெனில் ஒவ்வொரு எழுத்துக்கும் மொத்தத்தைத் திரும்பக் கூட்டுவதால் கணக்கருக்கு லாபம் ஒன்றும் இல்லை. ஒரே ஃபிரேம்வொர்க்கின் அடுத்த பதிப்புக்குப் போவதும் மாற்றம்தான் என்பதால், எண், தேதி, எண்டர் ஆகிய மூன்றையும் சோதிக்கும் ஒரு சிறு திரையைத் தனியே வைத்திருக்கிறோம். பதிப்பு மாறும்போதெல்லாம் அது முதலில் ஓடும்.

பைண்டிங்கைப் பற்றி ஒன்று. பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் அது சத்தமே இல்லாமல் தோற்கும். கட்டம் காலியாக இருக்கும், புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கும், விஷுவல் ஸ்டுடியோவின் அவுட்புட் விண்டோவில் மட்டும் ஒரு வரி வந்து போயிருக்கும். விண்டோஸ் ஃபார்ம்ஸில் பழகியவர், காலியான கட்டத்தைப் பார்த்தவுடன் தரவுத்தளத்தில் தேடப் போய்விடுவார். சோதனைப் பதிப்பில் பைண்டிங் பிழை வந்தால் உடனே நின்றுவிடும்படி ஒரு டிரேஸ் கவனிப்பானை இணைத்துவிடுங்கள். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு நாங்கள் முதல் நாளிலேயே காட்டுவது அதைத்தான்.

அச்சும் தொலைவிணைப்பும் வேறு வகை. டெலிவரி சலானும் கேட் பாஸும் இன்னும் பல இடங்களில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில், கார்பன் வைத்த தாளில்தான் அடிக்கப்படுகின்றன. டபிள்யூபிஎஃப்-இன் அச்சு வழியில் போனால் பக்கம் முழுவதும் படமாக மாறி, ஊசி வரிவரியாக ஊர்ந்து, ஒரு சலானுக்குள் லாரிக்காரர் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். வெறும் எழுத்தாகப் பிரிண்டருக்கு நேரே அனுப்பும் பழைய நிரலை அப்படியே வைத்துக்கொண்டோம். அது திரையோடு ஒட்டாமல் தனித் தொகுப்பாக இருந்ததால் ஒரு வரிகூட மாறவில்லை. கிளைகளிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வேலை செய்பவர்களுக்குப் புதிய திரைகள் கனத்தன. வரைந்த திரை படமாகவே அந்தப் பக்கம் போவதுதான் காரணம். நிழல், நிறக்கலவை, அசைவு எல்லாவற்றையும் எடுத்துவிட்ட பிறகு அது தாங்கும்படி ஆனது. அலங்காரத்துக்காக மாற வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்: வணிக மென்பொருளில் முதலில் கழற்றி வைக்க வேண்டியிருப்பது அந்த அலங்காரத்தைத்தான்.

இத்தனைக்கும் பிறகு மாறியது பயன்பட்டதா என்றால், ஆம் என்பேன். ஆனால் அதன் பெரும்பயன் திரையில் இல்லை. தமிழ்நாட்டில் 2007 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி வந்தது. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தது. 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கிய இ-இன்வாய்ஸ், படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்கள் வரை வந்தது. ஆயத்த ஆடைக்கு ஒரு பீஸ் விலை 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம் என்றிருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18 என்று மாறியது. இவற்றில் எதற்கும் நம் வசதிப்படி நாள் குறிக்க முடியாது. அந்தத் தேதிக்குள் மென்பொருள் மாறியே ஆக வேண்டும். பழைய ஃபிரேம்வொர்க்கில் இருப்பதற்காக ஒரு வாடிக்கையாளருக்கும் இதுவரை அபராதம் வந்ததில்லை, வரி தவறினால் வரும்.

விண்டோஸ் ஃபார்ம்ஸ் திரைகள் பலவற்றில் வரிக் கணக்கு பட்டனின் கிளிக் நிகழ்வுக்குள்ளேயே இருந்தது. விற்பனைப் பில்லில் ஒரு பிரதி, டெபிட் நோட்டில் ஒரு பிரதி, ஜாப் ஒர்க் பில்லில் சற்றே மாறிய இன்னொரு பிரதி. டபிள்யூபிஎஃப்-க்கு மாற்றிய திரைகளில் எம்விவிஎம் முறைப்படி, திரை தனி, திரைக்குரிய தரவு தனி, கணக்கிடும் விதிகள் தனி என்று பிரிக்க வேண்டியிருந்தது. பைண்டிங் சரியாக வேலை செய்ய வேண்டுமென்றால் அப்படித்தான் எழுதியாக வேண்டும். சோம்பேறித்தனத்துக்கு அங்கே இடம் குறைவு. ஜிஎஸ்டி வந்தபோது இரண்டு வகைத் திரைகளையும் ஒரே வாரங்களில் மாற்றினோம். பிரித்து எழுதியவற்றில் வரி விதி ஒரே வகுப்பில் இருந்தது. அதை மாற்றி, பழைய பில்களை வைத்துச் சோதித்து, அனுப்பிவிட்டோம். மற்றவற்றில் ஒவ்வொரு ஃபார்மையும் திறந்து, கிளிக் நிகழ்வுகளைப் படித்து, எது எந்தப் பிரதி என்று கண்டுபிடிப்பதிலேயே இரவுகள் போயின.

இந்தப் பிரிப்பைச் செய்ய டபிள்யூபிஎஃப் தேவையா? தேவையில்லை. விண்டோஸ் ஃபார்ம்ஸிலும் விதிகளைத் தனி வகுப்புகளில் எழுதலாம். ஜிஎஸ்டிக்குப் பிறகு, மாற்றாமல் விட்ட திரைகளில் அதைத்தான் செய்தோம். திரை அப்படியே இருக்க, அதற்குள் இருந்த கணக்கை மட்டும் வெளியே எடுத்து ஒரு பொதுத் தொகுப்பில் வைத்தோம். ஆகவே இப்போது யாராவது மாறலாமா என்று கேட்டால், உங்கள் வரிக் கணக்கு எந்தக் கோப்பில் இருக்கிறது என்று முதலில் திருப்பிக் கேட்கிறேன். ஒரே இடத்தைக் காட்ட முடிந்தால் மாறுவது பற்றிப் பேசலாம். ஃபார்ம் ஃபார்மாக இருக்கிறது என்றால், ஃபிரேம்வொர்க்கை மாற்றுவதற்கு ஒதுக்கிய பணத்தை முதலில் அங்கே செலவிடுவது நல்லது. அந்த வேலை முடியும்போது, மாற வேண்டும் என்ற அவசரம் பாதி குறைந்திருப்பதையும் காணலாம்.

எதை மாற்றவில்லை என்பதையும் சொல்கிறேன். ரசீது, வவுச்சர், நூல் வரவு, மாஸ்டர் பதிவுகள் ஆகியவை விண்டோஸ் ஃபார்ம்ஸிலேயே இருக்கின்றன. அவற்றின் கட்டங்கள் நிலையானவை, பயன்படுத்துபவர்களின் கைகள் அவற்றுக்குப் பழகிவிட்டன, திறக்கும் வேகமும் அதிகம். புதிய திரைகளைப் பழைய புரோகிராமின் உள்ளேயே, டபிள்யூபிஎஃப் கூறுகளை ஏற்கும் எலிமென்ட்ஹோஸ்ட் என்ற கன்ட்ரோல் வழியாகப் பொருத்தினோம். முழு மென்பொருளையும் ஒரே மூச்சில் திரும்ப எழுதும் திட்டத்தை எங்கள் அளவிலான குழு நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. எழுதி முடிப்பதற்குள் சட்டம் மாறி, பழையதிலும் புதியதிலும் இரட்டை வேலை விழும். கலப்புக்கென்று சில நுணுக்கங்கள் உண்டு. பழைய புரோகிராமிலிருந்து டபிள்யூபிஎஃப் விண்டோ ஒன்றைத் தனியே திறந்தால், அதற்குரிய கீபோர்டு இணைப்பைச் செயல்படுத்தும் அழைப்பைச் செய்யாதவரை டெக்ஸ்ட் பாக்ஸில் எழுத்து விழாது. இரண்டு வகைத் திரைகளிலும் எழுத்துரு, அளவு, குறுக்கு விசைகள் ஒன்றாக இல்லாவிட்டால், கணக்கர் அதை இரண்டு மென்பொருள் என்றே எண்ணுவார்.

ஆட்கள் பற்றிய கணக்கைப் பலர் போடுவதில்லை. டபிள்யூபிஎஃப் நன்றாகக் கற்றுக்கொண்ட இளைஞர், அதே தகுதியை வைத்துப் பெங்களூரில் பெரிய சம்பளத்துக்குப் போய்விடுவார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் எழுதிவிட்டுப் போன ஸாமலில் ஸ்டைல்களும் டிரிக்கர்களும் கன்வர்ட்டர்களும் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தால், அடுத்து வருபவர் ஒரு கட்டத்தின் அகலத்தை மாற்றவே திணறுவார். அதனால் எங்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஸாமலில் எழுதக்கூடிய எல்லாவற்றையும் ஸாமலில் எழுத வேண்டியதில்லை, நிரல்மொழியான சி ஷார்ப்பில் எழுதினால் அடுத்தவருக்குப் புரியும் என்றால் அங்கேயே எழுதுங்கள். எம்விவிஎம் பற்றாளர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். இன்று கல்லூரியிலிருந்து வருபவர்கள் ஹெச்டிஎம்எல்லும் ஜாவாஸ்கிரிப்ட்டும் தெரிந்து வருகிறார்கள். ஸாமல், விண்டோஸ் ஃபார்ம்ஸ் இரண்டுமே அவர்களுக்குப் பழங்காலம்தான். மூன்று பேர் கொண்ட குழுவில் இரண்டு பேருக்காவது தெரியாத ஒன்றை எந்த ஃபிரேம்வொர்க் பட்டியல் பரிந்துரைத்தாலும் எடுக்க வேண்டாம்.

இன்றைய நிலையில் கேள்வி இன்னும் சிக்கலாகியிருக்கிறது. 2019-இல், டாட்நெட்டின் புதிய வடிவமான டாட்நெட் கோர் 3.0-இல் விண்டோஸ் ஃபார்ம்ஸ், டபிள்யூபிஎஃப் இரண்டும் சேர்க்கப்பட்டன. இரண்டின் மூலநிரலும் திறந்துவிடப்பட்டது. பழையவை என்று ஒதுக்கப்பட்டவை இப்படிப் பிழைத்துக்கொள்ள, அவற்றின் இடத்தைப் பிடிக்க வந்தவற்றில் சில முன்பே ஓரம்கட்டப்பட்டுவிட்டன. இதற்கு நடுவே 2021 நவம்பரில், விண்டோஸுக்கான புதிய திரை ஃபிரேம்வொர்க்கான வின்யூஐ 3-உடன் விண்டோஸ் ஆப் எஸ்டிகே 1.0 வந்தது, 2022 மே மாதத்தில் கைப்பேசிக்கும் கணினிக்கும் சேர்த்து எழுத உதவும் மாவி வந்தது. கணினியின் முன் அமர்ந்து பதிவு செய்யும் திரைகளுக்கு இவை இரண்டையும் நாங்கள் எடுக்கவில்லை. மேலே சொன்ன பில் திரைச் சோதனையில் டபிள்யூபிஎஃப்-ஐவிட எதையும் கூடுதலாகத் தராத ஒன்றுக்குக் கற்கும் செலவு மட்டும் மிஞ்சும். உண்மையில் புதிதாக எழுந்த தேவை வேறு இடத்தில் இருந்தது. முதலாளிகள் பர்ச்சேஸ் ஆர்டருக்கு ஒப்புதல் தருவதையும் அன்றைய பேக்கிங் நிலவரத்தைப் பார்ப்பதையும் கைப்பேசியிலேயே செய்ய விரும்பினார்கள். அந்தச் சில திரைகளை, டாட்நெட்டின் இணையத் திரை ஃபிரேம்வொர்க்கான பிளேஸரில் எழுதினோம். விதிகளின் தொகுப்பை, பழைய டாட்நெட்டிலும் புதியதிலும் ஓடக்கூடிய டாட்நெட் ஸ்டாண்டர்ட் 2.0-க்கு மாற்றியிருந்ததால், விண்டோஸ் ஃபார்ம்ஸ், டபிள்யூபிஎஃப், பிளேஸர் மூன்றும் ஒரே வரிக் கணக்கையும் ஒரே இருப்புக் கணக்கையும் பயன்படுத்துகின்றன. ஒப்புதலுக்கு வரும் தொகையும் பில்லில் வரும் தொகையும் பைசா பிசகாமல் இருப்பது அதனால்தான்.

பழைய டாட்நெட் 4.8-இலிருந்து புதிய டாட்நெட்டுக்குப் போவது தனி முடிவு. 4.8 விண்டோஸின் ஒரு பகுதியாகவே வருவதால், அது இருக்கும் விண்டோஸுக்கு ஆதரவு உள்ளவரை அதற்கும் ஆதரவு உண்டு. புதிய டாட்நெட்டின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு ஆயுள் மூன்று ஆண்டுகள். 2023 நவம்பரில் வந்த எட்டாம் பதிப்புக்கு 2026 நவம்பரோடு முடிகிறது. அதாவது, மாறியபின் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை எல்லா வாடிக்கையாளர் கணினிகளிலும் பதிப்பை உயர்த்தும் வேலையை ஏற்றுக்கொள்கிறோம். பராமரிப்பு ஒப்பந்தத்தில் அதற்கான தொகை சேர்க்கப்பட்டிருக்க வேண்டும்; இல்லையென்றால் அந்தச் செலவு நம் கையிலிருந்தே போகும். எங்கள் ஆர்டர் திரைகளையும் உற்பத்தி நிலவரத் திரைகளையும் அவ்வாறு உயர்த்திவிட்டோம். பில்லிங் பகுதி மட்டும் 4.8-இல் இருக்கிறது, ஏனென்றால் அதன் இன்வாய்ஸ் அச்சுகளுக்கு நாங்கள் பயன்படுத்தும் அறிக்கைக் கருவி புதிய டாட்நெட்டில் ஓடாது. நூற்றுக்கு மேற்பட்ட வடிவங்களில், பையருக்கு ஒன்றாக, அவை எழுதப்பட்டிருக்கின்றன. வேறு கருவியில் ஒவ்வொரு வடிவமாக, அதிகம் அடிக்கப்படுவது எதுவோ அதிலிருந்து தொடங்கி, மாற்றிக்கொண்டிருக்கிறோம்.